பக்கம் 43, கணக்கு 17

தைக்கால் தெருவில் மாடி அச்சகம்.
ஏழாம் வகுப்புக் கணக்கு வழிகாட்டிக்கு
ஒரு கணக்கைப் படிகளோடு எழுதினால்
பதினோரு ரூபாய்.
விடை மட்டும் என்றால் நான்கு.

"புதுசா யோசிக்க வேணாம்மா,
பழசுலயே பேரை மாத்திடுங்க"
என்றார் சுகிர்தராஜ் சார்.
மாற்றினேன்.
ஆறு ஆட்கள் எட்டு நாளில் சுவர் எழுப்பினார்கள்,
பன்னிரண்டு ஆட்கள் நான்கே நாளில்.
இடையில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை,
அழகர் ஆற்றில் இறங்கும் நாள் வரவில்லை,
கூலிப் பாக்கி யாரும் வைக்கவில்லை.
ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்பின.
செல்லூரில் எங்கள் குழாய்
நான்கு நாளைக்கு ஒருமுறை வாய் திறக்கும்.
அந்தக் கணக்கைக் கேட்டால்
முதல் பத்து நிமிடம் வெறும் காற்றாய்ச் சிரிக்கும்.

நாற்பதில் ஒன்று குறைந்தது. நள்ளிரவு.
கழுத்தைத் தடவினேன், சங்கிலி இருந்தது.
மீட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது.
எழுதினேன்:

ஒரு பெண் தன் சங்கிலியை அடகு வைத்து
நாற்பதாயிரம் ரூபாய் கடன் பெற்றாள்.
மாத வட்டி நூற்றுக்கு இரண்டு.
முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு
மீதியைக் கையில் கொடுத்தார் கடைக்காரர்.
பதினோரு மாதம் கழித்து மீட்டாள் எனில்,
அவள் அன்று செலுத்திய தொகை எவ்வளவு?

எதற்காக அடகு வைத்தாள் என்பது
கணக்குக்குத் தேவையற்ற விவரம்.

படி ஒன்று: ஒரு மாத வட்டி எண்ணூறு.
படி இரண்டு: பதினோரு மாதத்துக்கு எட்டாயிரத்து எண்ணூறு.
படி மூன்று: அசலோடு கூட்டுக.
விடை 48,800.
சரிபார்க்கத் தோன்றவில்லை.
நானே எண்ணிக் கொடுத்த பணம் அது,
ஐந்நூறு ரூபாய்த் தாள் தொண்ணூற்றேழு,
மேலே மூன்று நூறு.

ஆடி மாதம் அச்சகத்துக்கு ஒரு போன்.
"செக்கானூரணியிலருந்து ஒச்சப்பன் பேசுறேன்.
பக்கம் நாப்பத்தி மூணு, பதினேழாவது கணக்கு,
விடை தப்பா இருக்கு."
சார் ரிசீவரை என் பக்கம் நீட்டினார்,
உன் பிள்ளையை நீயே பார் என்பதுபோல்.

"மொத மாச வட்டிய அப்பவே எடுத்துக்கிட்டாருல்ல?
அப்ப மிச்சம் பத்து மாசந்தான.
எண்ணூறு ரூவா கூடப் போட்டிருக்கீங்க.
ரெண்டாவது படியில சறுக்கிட்டீங்கக்கா."
பின்னால் ஒரு ஆடு கத்தியது.
அவன் பொறுமையாகக் காத்திருந்தான்.

மாடிப் படியில் சறுக்கினால்
முழங்கால் உடனே சொல்லிவிடும்.
இந்தப் படியில் சறுக்கி
நான்கு மாதமாய் எங்கும் வலிக்கவில்லை.

யானைக்கல் பாலம் தாண்டி நடந்தேன்,
புத்தகத்துக்குள் விரலை வைத்துக்கொண்டு.
கடைக்காரர் இரண்டு முறை படித்தார்.
"யாரும்மா இது?"
"ஒரு பெண்" என்றேன்.
கால்குலேட்டரில் ஒவ்வொரு எண்ணாக
மெதுவாக அழுத்தினார்.
மெதுவாக அழுத்தினால்
வேறு விடை வந்துவிடலாம்.
வரவில்லை.
கல்லாவிலிருந்து அறுநூறு எடுத்து வைத்தார்.
"இப்ப சில்லறை இல்ல,
அடுத்த தடவை நகை வைக்க வருவீங்கள்ல,
அதுல கழிச்சுக்குவோம்."

அவருக்குப் பின்னால் இரும்பு அலமாரி.
அடுக்கடுக்காய்ப் பழுப்பு உறைகள்,
ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர், ஒரு தேதி.
ஓர் உறைக்கு ஒரு மாத வட்டி கூடுதல் எனில்
என்று மனம் தொடங்கி
அங்கேயே நின்றது.
தெரிந்த விவரங்கள் போதவில்லை.

மீதமிருந்த பிரதிகளில் சீட்டு ஒட்டினோம்:
48,800 என்பதை 48,000 என்று வாசிக்கவும்.

ஒச்சப்பனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
"அந்தப் பொம்பளைக்குப் பணம் திரும்பி வந்துச்சாக்கா?"
அவனிடம் நான் சொல்லியிருக்கவே இல்லை.
"பாதிக்கு மேல வந்துச்சு" என்றேன்.
"பாதிக்கு மேலன்னா? பின்னத்துல சொல்லுங்க."
"முக்கால்."

ஆடு மறுபடி கத்தியது.
"அப்ப அந்தக் கால்?"